மயில்மாணிக்கத்துக்கு ஓர் ஆமென்

என் மனைவி ரத்தினபாய் சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. "சரி" என்று சொன்னால்தான் பயம்.

அன்றைக்கு அவள் சரி என்றாள்.

விவகாரம், எங்கள் தாம்பரம் வீட்டின் முன்னறை ஜன்னல். வீட்டில் காற்று வரும் ஜன்னல் அது ஒன்றுதான். அதன் அடியில் என் ஈஸிசேர். ஆபீஸ் முடிந்து, எலெக்ட்ரிக் ரயிலில் சப்பாத்தி மாவாகப் பிசையப்பட்டு வந்து, அதில் சாய்ந்தால்தான் எனக்கு உயிர் திரும்பும். அந்த இடத்தில் தையல் மிஷின் வைக்கவேண்டும் என்பது ரத்தினபாயின் நெடுநாள் போராட்டம். மிஷின் குரோம்பேட்டையில், அவள் தங்கை தபீதாள் வீட்டில் தயாராகக் காத்திருந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் மயில்மாணிக்க விதை கொடுத்திருந்தார். ஜன்னல் முழுக்கக் கொடி படர்ந்துவிட்டால் அங்கே யார் மிஷின் போடமுடியும்?

"ரத்தினம், ஜன்னல்ல டப்பா வச்சுக் கொடி வளர்க்கப்போறேன். டப்பா இங்க இருக்கிறவரைக்கும் மிஷின் பேச்சே எடுக்கக்கூடாது."

"டப்பா போயிட்டா?"

"போற அன்னைக்கே மிஷினைக் கொண்டாந்து போட்டுக்க."

"சரிங்க."

எவ்வளவு சுருக்கமான பதில்! அந்த நிமிஷமே எனக்குச் சந்தேகம் தட்டியது. செடியைச் சாகடிக்கப் போகிறாள்.

விதையை ராத்திரி ஊறப்போட்டேன். காலி டால்டா டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். கூடவே என் கட்டைவிரலிலும். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்பி, விரல் நுனி ஆழத்தில் விதையை வைத்தேன். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமாம். தெளிப்பதோடு சரி. அப்புறம் காவல் இருந்தேன்.

முளை வந்தது. முயல் காது மாதிரி இரண்டு இலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், மண்ணில் ஈரம். நான் தெளிக்கவில்லை. குனிந்து முகர்ந்தேன். கவுச்சி வாடை! பக்கத்து வீட்டு வாத்தியார் எலியேசரிடம் ஓடினேன்.

"எலியேசர் சார், செடியில மீன் நாத்தம் அடிக்குது. இவ என்னமோ ஊத்தியிருக்கா."

"மீன் கழுவின தண்ணியா இருக்கும் சார். செடிக்கு அதைவிட டானிக் கிடையாது."

"டானிக்கா? அவ எதுக்கு சார் டானிக் குடுக்கணும்?"

"உங்க மேல இருக்கிற பிரியந்தான்."

"விளையாடாதீங்க சார். நான் சீரியஸா பேசிக்கிட்டிருக்கேன்."

மறுவாரம் ஜன்னலில் நூல் கட்டியிருந்தது. கொடி அதைப் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தது.

"நூல் நீயா கட்டினே?"

"ஆமாங்க. கம்பியில சுத்தக்கூடாது பாருங்க."

"செடி நல்லா வந்தா உனக்கு மிஷின் வராதே?"

"அதுக்காக? வாயில்லாத ஜீவன். நல்லா வரட்டுங்க."

விரோதி திட்டினால் தாங்கலாம். உபகாரம் செய்தால் எப்படித் தாங்குவது? எனக்குத் தூக்கம் போயிற்று.

தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ரத்தினபாய் கண்ணை மூடி நீளமாக ஜெபிப்பாள். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடையில் எதையாவது செய்துவிட்டால்? ஜெபம் என் காதில் ஏறவே இல்லை. அவள் குரல் நின்றதும், கேட்டுக்கொண்டிருந்தவன் போலச் சத்தமாக "ஆமென்" போட்டுவிடுவேன்.

கொடி ஜன்னலை மூடி, ஈஸிசேர் கைப்பிடிவரை இறங்கியது. மெல்லிய இலைகளுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகப் பூ. சபையார் வந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். நான் ஈஸிசேரில் சாய்ந்தபடி, விதை ஊறப்போடுவதிலிருந்து பாடம் நடத்தினேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ரத்தினபாயை ஜெயித்துவிட்டேன் என்று கர்வமாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று அவரவர் வீட்டு முதற்பலனைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம்.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன். ஜன்னல் மொட்டையாக இருந்தது.

"ரத்தினம்! டப்பா எங்கே?"

"கோயிலுக்குக் குடுத்தனுப்பிட்டேன். முதற்பலன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"என்னங்க இது? 'இந்தச் செடி பூத்தா உமக்கே படைக்கிறோம் ஆண்டவரே'ன்னு தினமும் ஜெபத்துல பொருத்தனை பண்ணேன். நீங்கதானே ஆமென் சொன்னீங்க? எலியேசர் சார் வீடுவரைக்கும் கேட்டுச்சே!"

"அப்ப அந்த நூல்?"

"கம்பியில சுத்தியிருந்தா கழட்டறப்போ பிஞ்சுபோயிருக்கும்ல?"

ஆண்டவரோடு வழக்காட முடியுமா? ஆனால் ஏலம் இருக்கிறதே! கோயிலில் எலியேசர் போட்டிக்கு வந்தார். அவர் ஏற்ற, நான் ஏற்ற, கடைசியில் டப்பா என் கைக்கே வந்தது. வெற்றியோடு பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ரத்தினபாயைக் காணோம்.

கொடி தரையில் புரளப் புரள வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே கடகடவென்று சத்தம் கேட்டது. ஜன்னலடியில் தையல் மிஷின். முன்னால் ரத்தினபாய். என் ஈஸிசேர் மடங்கி, கிணற்றடிச் சுவரில் சாய்ந்திருந்தது.

"ரத்தினம்! டப்பா திரும்பி வந்தாச்சு. எடு மிஷினை!"

"டப்பா போற அன்னைக்கு மிஷின் வரலாம்னீங்க, வந்துடுச்சு. திரும்பி வந்தா எடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே."

நான் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் தைப்பதை நிறுத்தவில்லை, தலை நிமிரவும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கொடி வெளிச்சத்தை மறைக்குது."