முதலில் இருமியவர்

வீட்டுக்குள் காய்ச்சலைக் கொண்டுவந்தது யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை எனச் சுயம்புராஜ் சபதம் எடுத்தபோது, காய்ச்சல் வீட்டை விட்டுப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஆரல்வாய்மொழியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். ஒரே பார்வையில் எந்தச் சுவருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவார். குற்றவாளியையும் அப்படித்தான் சொன்னார். மனைவி முத்துக்கனியின் தம்பி கிருஷ்ணமணி. ஞாயிற்றுக்கிழமை பலாப்பழத்தோடு வந்தான். சாப்பிடும்போது இரண்டு தடவை இருமினான். செவ்வாய்க்கிழமை முத்துக்கனிக்குக் காய்ச்சல். புதன்கிழமை மகள் இந்துஜாவுக்கு.

இந்துஜாவுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருப்பதால் அவள் பெற்றோரோடுதான் இருந்தாள். முத்துக்கனி மூன்று நாளில் எழுந்துவிட்டாள். இந்துஜாவுக்கோ மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் இருமுவதை மூன்று நாள் வார்டு வாசலில் நின்று பார்த்தார் சுயம்புராஜ். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது. அந்த மூன்று நாளுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

"கிருஷ்ணமணி இந்த நடை ஏறப்பிடாது," என்றார்.

"வாற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தாய்மாமன் இல்லாம யாரு முதல் வளையலப் போடுவா?" என்றாள் முத்துக்கனி.

"நான் போடுகேன்."

"நீங்க அப்பா."

"அவன் வராண்டாம்னா வராண்டாம். இதுல இனி பேச்சில்ல."

முத்துக்கனி அதோடு பேச்சை விட்டுவிட்டாள். அவள் பேசாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்பது, இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியும் சுயம்புராஜுக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சஜ்னா என்றொரு மருத்துவக் கல்லூரி மாணவி வந்தாள். வீடுகளுக்குள் சளிக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். சுயம்புராஜ் நாற்காலியைத் தாமே துடைத்துப் போட்டார். கல்லூரிக் காகிதத்திலேயே கிருஷ்ணமணியின் பெயரை ஏற்றிவிடலாம்.

"எழுதிக்கோ மக்களே. கொண்டுவந்தது இவளுக்கத் தம்பி. பேரு கிருஷ்ணமணி."

"பேரு வேண்டாம் அங்கிள். எப்படிப் பரவுச்சுன்னு மட்டும்தான் எழுதணும். வீட்டுல சன்னலெல்லாம் தொறந்திருக்குமா?"

"இந்த ஊரு காத்துல சன்னலத் தொறந்தா சோத்துத் தட்டு பறந்துரும். எல்லாத்தையும் பூட்டி, இடுக்குல டேப்பும் ஒட்டியிருக்கேன். ஒரு பொட்டுக் காத்து வராது."

சஜ்னா எழுதிக்கொண்டாள். "காய்ச்சல் வாறதுக்கு முந்தி, அக்காகூட ரொம்ப நேரம் பக்கத்துல இருந்தது யாரு?"

"அப்பாதான்," என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த இந்துஜா. "தெனமும் கடையடைச்சுட்டு வந்து இதே கட்டில்ல இருந்து என்கூட தாயம் வெளையாடுவாவ."

சுயம்புராஜுக்குப் பெருமையாக இருந்தது.

"வீட்டுல மொதல்ல தொண்டைவலியோ இருமலோ வந்தது யாருக்கு?"

முத்துக்கனி காப்பி டம்ளரை நீட்டியபடியே சொன்னாள். "எனக்குச் செவ்வாய்க்கிழமை. இவங்களுக்கு அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே தொண்டை கட்டியிருந்து. இருமலும் உண்டு. என் தம்பி வந்தது ஞாயித்துக்கிழமை."

கடையில் எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். இப்போது நோய்க்கும் முதல் ஆள் அவர்தான் என்று காகிதம் சொல்லப் போகிறது.

"அது நோயில்ல," என்றார் அவசரமாக. "அத எழுதாண்டாம். திற்பரப்பு அருவியில ரெண்டு மணிக்கூர் நின்னு குளிச்சா யாருக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்தது.

"அந்த வாரம் புதன்கிழமை திருநெல்வேலியில பெயின்ட் கம்பெனி மீட்டிங்னுல்லா சொன்னிய," என்றாள் முத்துக்கனி. குரலில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர் கொண்டுவந்த ஈரத் துண்டை, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிசுக்குப் போகத் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தானே.

சுயம்புராஜ் காப்பியைப் பார்த்தார். திருநெல்வேலி ஒரு திசை, திற்பரப்பு நேர் எதிர்த்திசை. மீட்டிங் முடிந்து வழியில் இறங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

சஜ்னா தலை நிமிராமல் கேட்டாள். "எதுல போனிய அங்கிள்?"

"வேன்ல. ஒம்பது பேரு. ஏசி போட்டிருந்தான்."

"யாருக்காவது இருமல் இருந்துதா?"

பக்கத்து சீட்டுச் சிநேகிதன் போகும்போதும் வரும்போதும் இருமிக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. சீட்டாட்ட ருசியில் அன்றைக்கு அது காதில் ஏறவில்லை. சுயம்புராஜ் மகளைப் பார்த்தார். பூட்டிய அறை. ஒரே கட்டில். அவள் முகத்துக்கு நேரே இருந்து தாயக்கட்டையை உருட்டிச் சிரித்ததெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையும், அதற்கு அடுத்த நாளும்தான்.

"ஒரு ஆளுக்கு உண்டும்," என்றார். "எழுதிக்கோ மக்களே."

"போட்டும்ப்பா," என்றாள் இந்துஜா. "வேணும்னா செஞ்சிய?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எழுந்து போய்ச் சன்னலில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தார். சன்னலைத் திறந்ததும் காற்று சஜ்னாவின் காகிதங்களை அடுக்களை வரை கொண்டுபோனது. அவரே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

அவள் போன பிறகு முற்றத்தில் இறங்கி நின்று மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"கிருஷ்ணா, வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நீதான் வந்து முதல் வளையல் போடணும். நான் பேசினத மனசுல வச்சுக்கிடாத."

"வாறேன் அத்தான். வளையல் வாங்கியாச்சு," என்றான் கிருஷ்ணமணி. "அக்கா சனிக்கிழமையே சொல்லிட்டா, 'ஆஸ்பத்திரியில பாத்த ஒரு பிள்ளைய திங்கக்கிழமை கணக்கெடுக்க வரச் சொல்லியிருக்கேன், அது போன பொறவு உங்க அத்தானே போன்ல விளிப்பாரு'ன்னு."