வலது பக்கத் தேய்மானம்

"வாயைத் திறந்தே வைங்க, இதோ வந்துடறேன்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுப் பல் டாக்டர் போனை எடுத்தாள்.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன அந்தக் கீச்சு சத்தம் பிரேக்கிலதான். முன் வலது சக்கரத்துப் பேடு ரெண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். இடது பக்கம் எட்டு மில்லிமீட்டர் சொகுசா உக்காந்திருக்கு."

பேசியது மெக்கானிக். சாப்பாட்டு நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் சொல்வதால், அந்தத் தெருவில் அவர் பெயரே 'மில்லி' என்று ஆகிவிட்டது.

"ஒரு பக்கமாவே மென்னா ஒரு பக்கப் பல்லுதான் தேயும். அந்த மாதிரியா?"

"காருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதும்மா. ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் பிடிக்கணும். பின்னு இறுகியிருக்கும். கழட்டி, கிரீஸ் வெச்சு, புதுப் பேடு போட்டுடறேன்."

போட்டார். மூன்றே வாரத்தில் மறுபடியும் கீச்சு.

இந்த முறை மில்லி பேடை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை அளந்தார். "காலிப்பரையே மாத்திடலாம்" என்றார் கடைசியில். பேடை அழுத்திப் பிடிக்கிற அந்த இரும்புக் கவ்வியையும் மாற்றினார். பத்தாவது நாள் பேடு காகிதம்போல வெளியே வந்தது. கவ்வி புதிது அல்லவா, இன்னும் நன்றாகக் கவ்வியிருந்தது.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு தேய்மானம் பார்த்ததில்லை" என்றார் மில்லி. குரலில் எரிச்சல் இல்லை, மரியாதை இருந்தது. தேய்ந்த பேடை வெள்ளைத் துணி விரித்து வைத்தார். பக்கத்துக் கடை டிங்கர் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றாத குறையாக நின்றார்.

மூன்றாம் முறை புதுப் பேடு போட்டதோடு, காருக்குக் கம்ப்யூட்டரையும் மாட்டினார்கள். திரையைப் பார்த்த மில்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, பிரேக்கை மிதிச்சது நீங்க இல்ல. காரே பிடிச்சிருக்கு. இந்தக் காலத்து வண்டி, வேகமா வளையும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கினா அதை மட்டும் தானே பிடிச்சுக்கும். வலது பக்கம் வளைஞ்சா வலது சக்கரம். அப்படி எத்தனை தடவை பிடிச்சிருக்கு தெரியுமா? நாலாயிரத்து முந்நூறு!"

டாக்டருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. தினமும் காலையில் கணவரைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, காரை வீட்டில் நிறுத்திவிட்டு, அடுத்த தெருவிலிருக்கும் கிளினிக்குக்கு நடந்து போவாள். அந்த வழியில் வலது திருப்பம் இரண்டு. அடுத்த வாரம் முழுக்க வலது பக்கமே திரும்பாமல், ஒவ்வொரு வலதுக்கும் மூன்று இடது போட்டு ஓட்டினாள். கணக்கு வாத்தியாரான கணவர் ஐந்து நாளும் முதல் பீரியடைத் தவறவிட்டார்.

"நேராப் போற வழிக்கு என்ன ஆச்சு?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"வண்டியில ஒரு கோளாறு. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"அது சரி. எனக்குக் கதவைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும்" என்றார் அந்த நல்ல மனிதர்.

சனிக்கிழமை பார்த்தால் பேடு மறுபடியும் பாதி.

"அப்போ நீங்க இல்ல, வேற யாரோ" என்றார் மில்லி. கம்ப்யூட்டரை நோண்டினார். "செவ்வாய், வெள்ளி. சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரைக்கும்."

செவ்வாயும் வெள்ளியும் கணவருக்கு ஸ்பெஷல் கிளாஸ். அப்படித்தான் சொல்லியிருந்தார். காரின் மாற்றுச் சாவியும் வீட்டில்தான் இருக்கிறது. பதினாலு வருஷக் குடும்பத்தில் அவர் சொன்ன முதல் பொய்!

அந்தச் செவ்வாய்க்கிழமை நோயாளிகளையெல்லாம் திருப்பி அனுப்பினாள். கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதி போனில் இருந்தது. ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலை. அங்கே நீலப் புள்ளி ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. மில்லி பட்டறையை இழுத்துப் பூட்டினார்.

"நானும் வர்றேன்மா. அது யாருன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

அவருடைய ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். மைதானம் முழுக்கப் புழுதிக் கோபுரம். அதற்குள் டாக்டரின் கார் சீறிக்கொண்டு வலப்பக்கமாகவே வட்டமடித்தது. கம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரே வட்டம். மண்ணில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தைவிட்டுச் சக்கரம் ஒரு விரற்கடை விலகவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியும் இறுகிய தாடையுமாகக் கணக்கு வாத்தியார்.

"ஐயோ, நம்ம சாரா!" மில்லி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். "கையைப் பாருங்கம்மா, ஸ்டியரிங் ஒரு மில்லிமீட்டர் அசையல! அக்சிலரேட்டரை ஒரு நொடி விடல! இது பயிற்சியில வர்றதில்லை, பிறவியிலேயே வரணும்."

டாக்டர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க அவளைக் கூப்பிடுகிற மனிதர். சாலையைக் கடக்க அவள் கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர். அவருக்குள் இப்படி ஒரு வீரனா? கல்யாணம் ஆன புதிதில்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. 'உங்களுக்குச் சொன்னாப் புரியாது' என்று சொன்னோமே என்று கண் கலங்கியது. ஆயுசு முழுக்க எத்தனை பேடு தேய்ந்தாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

கேட்டருகே முக்காலியில் வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றாள் டாக்டர், தலை நிமிர்ந்து. "வாரம் ரெண்டு நாள் பாக்குற உங்களுக்கு இது பழகிப்போயிருக்கும். நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

வாட்ச்மேன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் பெரிய நிம்மதி.

"நல்லவேளை வந்தீங்கம்மா. வீட்டுலேருந்து வண்டியைக் கொண்டாறதும் நான்தான், திருப்பிக் கொண்டுபோய் விடறதும் நான்தான். சார் மூணு மாசமா நேராப் போகத்தாம்மா பாக்குறாரு!"