எங்கள் காரில் ஏறிய கல்யாணப் பெண்

புக்கிட் பெருவாங்,
16.9.1997

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் வீரமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை ராமாத்தாளின் கணவன் தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, மகன் யுவனேஸ்வரன் மூவரும் உடம்பளவில் சுகம். சுங்கை ரம்பாயில் தாங்களும் வீட்டாரும் உடம்பு, மனம் இரண்டிலும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

நிற்க. நீங்கள் சொன்ன செந்தூல் பெண் ராகினியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் போய் வந்தோம். அங்கே என்ன நடந்தது என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. எழுதினாலாவது விளங்குமா என்று பார்க்கிறேன். பையனுக்கு முப்பத்திரண்டு வயது. நாலு இடம் ஏற்கெனவே தட்டிப்போய்விட்டது. பெண் வீட்டில் வாயைத் திறக்காத கல்லுளிமங்கன் என்று பெயர் வேறு. புரட்டாசி பிறப்பதற்குள் இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

முதல் நாள்தான், வாங்கிய பழைய காருக்குக் கோயிலில் பூசை போட்டோம். பூசாரி காரின் முன்பக்கம் கட்டிய மாலை தானாக வாடி விழும்வரை கழற்றக்கூடாது என்பது உங்கள் தங்கையின் சட்டம். போதாததற்கு இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் ரோஸ் ரிப்பன் கட்டினாள். மாலை பறந்துவிடுமே என்று ஆயர் குரோ டோல் சாவடியிலிருந்து நான் ஊர்ந்தே ஓட்ட, லாரிக்காரன்கூட எங்களை முந்திப்போகும்போது ஹாரன் அடித்துக் கையாட்டினான், நாங்களும் ஆட்டினோம், ஏன் ஆட்டினான் என்று யோசிக்கவில்லை. "கே.எல். கோபுரத்தப் பாத்துக்கிட்டே போங்க மச்சான், வழி தப்பாது" என்றீர்கள். புகைமூட்டத்தில் முன்னால் போகும் பஸ்ஸே தெரியவில்லை, கோபுரத்துக்கு எங்கே போவேன்? ஒரே ரவுண்டபவுட்டை எத்தனை தரம் சுற்றினேனோ, மணி பதினொன்றரை, பன்னிரண்டுக்கு எமகண்டம்.

செந்தூலில் ஒரு கோயில் வாசலில் கூட்டம் நின்றது. நிறுத்தி, ஒருவரிடம் பெண் வீட்டுத் தெருவைக் கேட்டேன். அவர் சன்னலில் கைவைத்து வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கிழவர், "வண்டி வந்திருச்சி லா! ஏத்துங்க, ஏத்துங்க, எமகண்டம் வரப்போவுது!" என்று கத்தினார். பின்கதவு திறந்தது. கழுத்தில் மாலையோடு ஒரு பையனும் பெண்ணும் உங்கள் தங்கையை ஓரமாக நகர்த்தி உட்கார்ந்தார்கள். யாரோ காரைத் தட்டி, "போங்க, போங்க!" என்றார்கள். நானும் போனேன்.

"அப்பா, இவங்க யாருப்பா?" என்று யுவனேஸ்வரன் காதில் கேட்டான்.

"சும்மா இருடா. நம்மள அழைச்சிக்கிட்டுப் போக பொண்ணு வீட்டுல அனுப்புன ஆளுங்க. கே.எல். வழக்கம் அப்படித்தான் போல."

அந்தப் பையன் ஜொகூர்க்காரன், அவனுக்கும் வழி தெரியாது. சன்னலில் கேட்ட பாதி வழியை வைத்தே நான் ஓட்டினேன். பெண் தலையைக் குனிந்து அழுதுகொண்டே வந்தாள். கல்யாணப் பெண் அழுதால் யார்தான் காரணம் கேட்கிறார்கள்?

பெண் வீட்டு வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கள் கல்லுளிமங்கன் முதலில் இறங்கிப் பின்கதவைத் திறக்க, புதுத்தாலியோடு அந்தப் பெண் இறங்கினாள். வெயிலும் புகையும் சேர்ந்து அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. பெண்ணின் அப்பா அவளைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "கல்யாணத்த முடிச்சிட்டா பொண்ணு பாக்க வந்தீங்க?" என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள், எந்தப் பெண் வீட்டிலும் பேசாத என் மகன், அன்றைக்கென்று பார்த்து வாயைத் திறந்தான். வாசலில் நின்ற உங்கள் ராகினியிடம், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? இவங்க காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல போல இருக்கு" என்றான். சொந்தப் புருஷன்கூட அவ்வளவு அக்கறையாகக் கேட்கமாட்டான். அதோடு எல்லாம் முடிந்தது. அதற்குள் நிஜக் கல்யாணக் காரும் இரண்டு வேனும் எங்களைத் துரத்தி வந்து, "பொண்ணக் கடத்திட்டானுங்க!" என்று ஒரே சத்தம். எமகண்டமும் பிறந்துவிட்டது. காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினோம். உங்கள் தங்கை அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

மச்சான், எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது. நான் கண்ணை மூடினால் அவனுக்குச் சோறு போட யார்? உடனே செந்தூலுக்குப் போய், என் மகனுக்கு இன்னும் ஒரு கல்யாணமும் ஆகவில்லை என்று சத்தியம் செய்யுங்கள். தண்ணீர் கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும் உரித்தாகட்டும்.

இப்படிக்கு,
தலையும் புரியாமல் வாலும் புரியாமல்,
தங்கராஜு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது செந்தூலிலிருந்து போன். அவர்களுக்குச் சம்மதமாம்! "அத்தன பேரு கத்துனாங்க, அந்தப் பொண்ணுக்குத் தாகமா இருக்கும்னு அவருக்கு மட்டுந்தான் தோணுச்சி, அவரே போதும்" என்று ராகினி சொல்லிவிட்டாளாம். ஆகவே நீங்கள் எங்கும் போக வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு நிபந்தனைதானாம்: கல்யாணத்தன்று மாமா கார் ஓட்டக்கூடாது.