முடிவு ஜெபக்காரர்

சபை மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பிரசங்கம் முழுவதையும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்பார்கள். ஆனால் தங்களுக்காகக் கேட்கமாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காகக் கேட்பார்கள், பின்வரிசைக்காகக் கேட்பார்கள், அன்றைக்கு வராமல்போனவருக்காக இன்னும் உருக்கமாகக் கேட்பார்கள். இவர்களுக்கு முடிவு ஜெபக்காரர் என்று பெயர் வைக்கலாம். காரணம் பின்னால் வருகிறது.

ஹேடோ குடியிருப்பு ஜெயமணி இதில் முதல் தரம். கடலுக்கு அப்பாலுள்ள மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு எந்தப் போதகர் வந்து இறங்கினாலும், அவருடைய பிரசங்கத்தை அவருக்கே விளக்கி, விட்டுப்போன வசனத்தை எடுத்துக்கொடுத்து, தெலுங்குச் சகோதரர் ஸ்தோத்திரம் சொல்லும் விதத்தைத் திருத்தி, வங்காளிச் சகோதரியின் முக்காடு நழுவியதைக் கவனித்து வைத்துக்கொண்டு, கடைசியில் கை கூப்பி, "எனக்கு என்னங்க தெரியும், நான் இன்னும் கத்துக்கிறவன்தான்" என்பார். எவராவது கற்றுக்கொடுத்துப் பார்க்கட்டுமே!

ஒருவனை நேரே திட்டினால் பதில் பேசுவான். கூட்டத்தை முடிக்கிற ஜெபத்தில் திட்டினால்? கண்ணை மூடிக்கொண்டு ஆமென் அல்லவா சொல்லவேண்டும்! இந்த வசதியை ஜெயமணி என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார். "ஆண்டவரே, பிரசங்க நேரத்துல போன் பாக்குற சகோதரனை உணர்த்தும்" என்பார். அந்தச் சகோதரரும் ஆமென் என்பார். வேறு என்ன செய்வார், பாவம்.

அவருடைய மகள் செல்லம் பக்கத்து ஹேவ்லாக் தீவில் இருக்கிறாள். மருமகன் மகேஷ்குமார் அங்கே ஒரு ரிசார்ட்டில் சமையல்காரன், விசுவாசத்துக்குப் புதியவன். போன கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் தட்டுத்தடுமாறிச் சொன்ன சாப்பாட்டு ஜெபத்தை மாமனார் பாதியில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் திருத்தி, முதலிலிருந்து சொல்லவைத்தார். அதோடு போக்குவரத்து நின்றது. இப்போது செல்லத்துக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. தாய்வீட்டுக்கு வருவாளா, மாட்டாளா? ஜெயமணியின் மனைவி ராஜகுமாரி போனில் அழுது கெஞ்சியபிறகு, சனிக்கிழமை காலை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இருவரும் கப்பலேறி வந்தார்கள்.

போதகர் குடும்ப விவரம் தெரிந்தவர். கற்றுக்கொள்ளும் மனதைப் பற்றிப் பேசினார். ஒருவர் திருத்தினால் தாங்கிக்கொள்வதையும், வயதில் சிறியவனிடம் மன்னிப்புக் கேட்பதையும் பற்றி, ஜெயமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஜெயமணிக்குப் புல்லரித்தது. அடடா, மருமகனுக்கென்றே வந்த செய்தி! பயல் ஒழுங்காகக் கேட்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, நீங்களே முடிவு ஜெபம் பண்ணுங்க. மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்க" என்றார் போதகர். அவருக்கு ஒரு நப்பாசை.

ஜெயமணி மனதில் இருந்ததைத்தான் சொன்னார். "ஆண்டவரே, இந்த வார்த்தை யாருக்கு வந்துச்சுன்னு உமக்குத் தெரியும். ஹேவ்லாக்லேருந்து வந்திருக்கிற என் மருமகனுக்கு, பெரியவங்க சொன்னா கேட்டுக்கிற மனசைத் தாரும். அவன் பெருமையை உடைச்சுப்போடும்." பிறகு மகளின் பிடிவாதம், சம்பந்தி வீட்டு வளர்ப்பு என்று வரிசையாக எல்லாவற்றையும் ஆண்டவருக்குத் தெரியப்படுத்தினார். குரல் தழுதழுத்தது. கண்ணீர்கூட வந்தது. பொய்க் கண்ணீர் இல்லை; அதுதான் கொடுமை.

அவர் கண் திறந்தபோது மகேஷ்குமார் பையைத் தோளில் மாட்டியிருந்தான். "ஹோ கயா, மாமா. முடிஞ்சுபோச்சு. இனிமே போதும்" என்றான். செல்லம் தாயைக் கட்டிக்கொண்டாள். "பிரசவத்துக்கு நீ அங்க வந்துடும்மா. நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

அவர்கள் இறங்கிப்போனதும் ராஜகுமாரி புருஷனிடம் வந்தாள். "ஏங்க, பாஸ்டர் உங்களைத்தான் சொன்னாரு."

"என்னையா?" ஜெயமணி சிரித்தேவிட்டார். "உனக்குப் பிரசங்கத்தைக் கேக்கவே தெரியல. உக்காரு, விளக்கிச் சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. உள்ளே போய் நாலு சேலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானக் கப்பலுக்கு ஓடினாள். அவர் காலி நாற்காலிகளைப் பார்த்து, பிரசங்கத்தின் முதல் பகுதியை விளக்க ஆரம்பித்தார்.

வாசகரே, உங்களுக்கும் ஒரு ஜெயமணியைத் தெரிந்திருக்கும். படிக்கும்போதே அவர் முகம் வந்திருக்கும். இதை அவர் அவசியம் படிக்கவேண்டும், இன்றைக்கே அனுப்பிவைக்கவேண்டும் என்றும் தோன்றியிருக்கும். ஜெயமணிக்கும் அப்படித்தான் தோன்றியது.