‘கடைசிப் பீரங்கி’யில் விழுந்தவர்

சினிமாவில் நடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். சினிமா பார்ப்பவர்களையும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். வாழ்நாளில் ஒரே ஒரு பகல் கேமரா இருந்த பக்கமாக நின்றுவிட்டு, மிச்ச நாளெல்லாம் அந்தப் பகலை விட்டு நகராமல் இருப்பவர். இவர் இல்லாத ஊர் கிடையாது. உங்கள் ஊரில் இல்லையென்றால் அங்கே இன்னும் படப்பிடிப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துக்காரர் பெயர் இருளப்பசாமி. எம்.ரெட்டியபட்டியில் மூன்று ஏக்கர் மானாவாரி, வானம் மனம் வைத்தால் பருத்தி, வைக்காவிட்டால் குதிரைவாலி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலைத் தவிர எதுவும் விளையாத ஒரு பொட்டலில் பிளைவுட்டால் கோட்டை கட்டி, ‘கடைசிப் பீரங்கி’ என்று ஒரு போர்ப் படம் எடுத்தார்கள். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் ஒரு பாளையக்காரருக்கும் வெள்ளைக்காரக் கும்பினிப் படைக்கும் நடந்த சண்டை. சுற்று வட்டாரத்து ஆட்களை லாரியில் ஏற்றிப்போய், மீசை வைத்தவர்களையெல்லாம் பாளையக்காரர் பக்கமும், கொஞ்சம் நிறமாக இருந்தவர்களைச் சிவப்புக் கோட்டு மாட்டிக் கும்பினிப் பக்கமும் நிறுத்தினார்கள். தேசப்பற்று அன்றைக்கு மீசையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது.

இருளப்பசாமிக்கு நல்ல மீசை. கையில் வெள்ளிப் பெயின்ட் அடித்த மரக்கத்தி, நெஞ்சில் ரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்புச் சர்க்கரைப் பாகு. வேலை ஒன்றே ஒன்றுதான். பீரங்கி வெடித்ததும் விழ வேண்டும்.

“குப்புற விழுங்க! செத்தவங்க யாரும் எந்திரிக்கக் கூடாது! செத்தவங்க சொறியக் கூடாது!” என்று ஒரு பையன் மைக்கில் கத்திக்கொண்டே இருந்தான். மத்தியானம் அதே குரல், “செத்தவங்கல்லாம் இந்த வரிசையில வந்து லெமன் சாதம் வாங்கிக்கோங்க” என்றது.

எல்லோரும் குப்புற விழுந்தார்கள். நம்மவர் மட்டும் மல்லாக்க விழுந்தார்.

“குப்புற விழுந்தா எது இருளப்பசாமி, எது அடுத்தவன்னு எவனுக்குத் தெரியும்?”

அதுதான் இந்த வகையின் மூளை. சாவதில் ஆட்சேபணை இல்லை. முகம் தெரியாமல் சாவதுதான் கூடாது.

அன்றிலிருந்து அவர் மீசையைக் கத்தரிக்கவில்லை. கடையில் டீயைக் கையில் வாங்கினால், முதல் மடக்குக்கு முன்னால் ‘அந்தச் சண்டையில...’ என்று ஆரம்பித்துவிடுவார். ‘அந்தச் சூட்டிங்கில’ என்று சொல்ல மாட்டார். தை மாதம் ஒரு வெள்ளைக்காரனைக் குத்திவிட்டு விழுந்தார். பங்குனிப் பொங்கலுக்குள் மூன்று பேரைக் குத்தியிருந்தார். ஆடியில் ஒரு குதிரையும் சேர்ந்துகொண்டது. அருப்புக்கோட்டை பஸ் அந்தப் பொட்டலைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவர் மல்லாங்கிணற்றுக்காரரோ மதுரைக்காரரோ, தூங்குகிறாரோ விழித்திருக்கிறாரோ, தோளைத் தட்டிச் சொல்லுவார்:

“இந்தா, இங்கனதான் நான் விழுந்தேன்.”

கண்டக்டருக்கே மனப்பாடம். “அண்ணாச்சி, நீங்க செத்த எடம் வருது. சொல்லிட்டு உக்காருங்க, டிக்கெட்டுப் போடணும்.”

கேலி புரியுமா இவர்களுக்கு? புரியும். ஆனால் கேலி செய்கிறவனும் விஷயத்தை ஒப்புக்கொண்டுதானே கேலி செய்கிறான்!

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. படம் வெளியானதுதான் வம்பு. அவர் மகள் கனகலட்சுமிக்கு மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை பேசி, திங்கட்கிழமை கல்யாணம் என்று வைத்து, வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றிய மறுநாள் அருப்புக்கோட்டைக்குப் படம் வந்தது. வியாழக்கிழமையோடு எடுத்துவிடுவார்களாம். வெள்ளிக்கு வேறு படம்.

எங்கள் பக்கம் கால் ஊன்றிவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் எந்த இழவுக்கும் போக மாட்டார்கள். ஒட்டுறவாக இருந்தாலும் தாலி ஏறியபிறகுதான் துக்கம் கேட்பார்கள். அவர் மனைவி பிச்சையம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“கால் ஊன்டியாச்சு. அடுத்தவுக எழவுக்கே போகக்கூடாது. நீங்க ஒங்க எழவையே பாக்கப் போறீகளா?”

“அது நடிப்புடீ.”

“நடிப்போ நெசமோ, பொண்ணுக்கு அப்பன் ரெத்தத்தோட கெடக்கத நாலு பேரு பாத்தா, சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக? சகுனம் சரியில்லைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எம்மக கதி என்னாகும்?”

“அப்ப நான் எப்பப் பாக்க?”

“பொறவு போன்ல வருமாம்ல.”

“போன்ல நான் எறும்பு மாதிரி தெரிவேன்!”

பிச்சையம்மாள் அழுதாள். நம்மவர் மனசு இளகிக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அப்பா முத்துராமலிங்கமே ஷேர் ஆட்டோவோடு வாசலில் வந்து இறங்கினார்.

“எங்க சம்பந்தி சண்ட போட்ட படத்த நாங்க பாக்கவேண்டாமா? வாங்க எல்லாரும்!”

மூன்று வெள்ளைக்காரர்கள், ஒரு குதிரை வரைக்கும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. விழுந்ததை மட்டும் பிச்சையம்மாள் சொல்லவிடவில்லை. எப்படி மறுப்பது? ஏழு பேர் உட்காரும் ஆட்டோவில் பதினோரு பேர் போனோம். பிச்சையம்மாள் வழியில் இருந்த கோயில்களுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

மத்தியானக் காட்சி. தியேட்டரில் எங்களையும் சேர்த்து நாற்பது பேர் இருந்தால் அதிகம். படம் ஆரம்பித்ததிலிருந்து இருளப்பசாமி சீட்டின் நுனியை விட்டு உள்ளே வரவில்லை. “இப்ப வரும்... அந்தா... இல்ல, அது வேற ஆளு.” கதாநாயகி கண்ணீரோடு வீரத்திலகம் வைத்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் தேடினார். பாளையக்காரர் நான்கு நிமிஷம் மண்ணைப் பற்றி முழங்கினார். அந்த மண்ணில் தான் நிற்கிறேனா என்று பார்த்தார். கடைசியில் பீரங்கி வெடித்தது. புகை. பிச்சையம்மாள் தாலியைக் கையில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

புகை விலகியது. பாளையக்காரர் பீரங்கிமேல் சாய்ந்து கடைசி மூச்சு விடுகிறார். சோகமான நாதஸ்வரம். கேமரா மெதுவாகப் பிணங்களின்மேல் போகிறது. எல்லாம் குப்புறக் கிடக்கின்றன. மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் மல்லாக்க. பெரிய மீசை.

அந்தப் பிணம் தலையைத் தூக்கியது.

சிவப்புப் பாகுக்கு எறும்பு வந்திருக்க வேண்டும். நெஞ்சை நன்றாகத் தட்டிவிட்டது. கேமரா இன்னும் இங்கேதான் இருக்கிறதா என்று நேராக எங்களைப் பார்த்தது. மீசையை ஒருமுறை நீவிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

“ஏயப்பா!” என்று முத்துராமலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். “சம்பந்தி சாகல! எல்லாப் பயலும் செத்துட்டான், சம்பந்தி சாகல!”

தியேட்டர் முழுக்க விசில். பாவம், பாளையக்காரர் செத்ததை யாரும் கவனிக்கவில்லை. பிச்சையம்மாள் கண்ணைத் திறந்து, “நெசமாவா? நெசமாவா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இருளப்பசாமி மட்டும் சீட்டில் சுருங்கிப்போயிருந்தார். இரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த வீரமரணம் ஒரு எறும்பால் போய்விட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகை மனிதருக்காக ரொம்ப நேரம் பாவப்பட முடியாது. பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்து முடிப்பதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

“எல்லாரும் செத்துட்டா ஊருக்கு யாரு போயிச் சேதி சொல்ல? டைரக்டரு சும்மாவா என்னைய விட்டு வச்சாரு?”

“அதான!” என்றார் முத்துராமலிங்கம். திங்கட்கிழமை கல்யாணப் பந்தலில் வந்தவர்களுக்கெல்லாம் அவரே அறிமுகம் செய்தார்: “பொண்ணுக்கு அப்பா. கும்பினிக்காரனாலயே கொல்ல முடியல.” கேட்கக் கேட்க பிச்சையம்மாளுக்கு முகம் மலர்ந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம்.

போன வாரம் கல்யாண வீடியோ வந்தது. பெண் வீட்டில் டிவியில் போட்டு, இருபது பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மேளம் உச்சத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், கனகலட்சுமி தலை குனிகிறாள். “என் சேலைக் கரை தெரியுது பாரு” என்றது ஒரு குரல். “தள்ளு, நான் அந்தத் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்.” “நிப்பாட்டு, நிப்பாட்டு, கொஞ்சம் பின்னால கொண்டுபோ.” மூன்று முடிச்சும் விழுந்து முடிந்துவிட்டன, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அட்சதை போட்ட கூட்டத்தில் இருபது பேரும் அவரவரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

உங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தால், நீங்கள் மட்டும் எங்கே பார்த்திருப்பீர்கள்?