ஹ்லைபஸும் தாடைக் குழியும்

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு கேசரி சாப்பிட்டாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நான் கேசரியைத் தொடவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு டுடோரியலில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன் (மண்டைக்கனத்துக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது). திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். பெண் சரோஜா. பார்த்தவுடனே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"மாப்ளைக்கு என்ன படிப்பு?" என்றார் மண்டிக்காரர்.

எழுத்தே இல்லாத காலத்தில் ஐரோப்பாவின் வடக்கே வழங்கிய 'ஹ்லைபஸ்' என்ற சொல்லை அவிழ்த்துவிட்டேன். ரொட்டி என்று அர்த்தம். ஆங்கில 'லோஃப்', ஜெர்மன் 'லைப்' இரண்டும் அதன் பிள்ளைகள். 'லார்டு' என்பதே 'ரொட்டிக் காவலன்' தேய்ந்து வந்ததுதான்.

"காய்ச்சக்காரன் திங்கிறதப் பத்தியாலே அம்புட்டு வருசம் படிச்ச?" என்று முணுமுணுத்தார் என் அத்தை.

சரோஜா மட்டும் சிரித்தாள். "அந்த முதல் சொல்ல யாருமே எழுதி வைக்கலன்னா, அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டும் விட்டாள். என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பிள்ளைகள வச்சு அப்பனக் கண்டுபிடிக்கிறதுதான்" என்று எழுந்து, பலகாரத் தட்டோடு நின்ற இருவரைக் காட்டினேன். ஒருவன் அவள் தம்பி. மற்றவன் அண்ணன் என்றே நினைத்தேன். "இவங்க ரெண்டு பேர் தாடையிலயும் குழி இருக்கா? அப்ப அப்பாவப் பாக்காமலே சொல்லிரலாம், அவர் தாடையிலயும் இருக்கும்."

மொத்த வீடும் மண்டிக்காரரின் தாடையைத் திரும்பிப் பார்த்தது. அவர் கையால் பொத்திக்கொண்டார் (கொஞ்சம் தாமதமாக).

அந்த 'அண்ணன்', மண்டியில் வெங்காயம் பொறுக்கும் அழகம்மாளின் மகன் முருகேசன். சரோஜாவின் அம்மா அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார் மண்டிக்காரர்.

தெருவுக்கே தெரிந்த விஷயம்தானாம். வாய்விட்டுச் சொன்னதுதான் குற்றமாம். மறுநாளே அழகம்மாளையும் மகனையும் மண்டியை விட்டுத் துரத்தினார்கள். மண்டிக்காரரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரோஜாவை வேடசந்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

எனக்கும் வேறு இடத்தில் கல்யாணமாகி மகன் பிறந்தான். அத்தை பிள்ளையை என் மடியில் கிடத்தி, "ஏலே, தாடையப் பாத்து அப்பன் யாருன்னு சொல்லு" என்றார். வீடே சிரித்தது. இப்போது பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கேள்வி, அதே சிரிப்பு. என் மனைவி மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"சிரிக்கிறவுகளுக்கு என்ன? அசிங்கம் பெத்தவளுக்குத்தான?" என்றாள்.