நாலு லிட்டர் கறுப்பு

இனி இந்த வீட்டில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று இன்று காலை தீர்மானம் போட்டேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும் மட்டும்தான். தீர்மானம் போட்டபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

பயத்துக்குக் காரணம் ஒரே ஒரு மதிப்பெண் தாள். அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிக்கிறேன். முதல் பருவத்தின் சராசரி ஆறுக்குக் கீழே போனால் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு ஐந்தரை. தப்பிக்க ஒரே வழி, பத்து நாளுக்குள் மறுதேர்வுக்கு விண்ணப்பிப்பது. விண்ணப்பித்தால் இவளுக்குத் தெரிந்துவிடும். விண்ணப்பிக்காவிட்டால் படிப்பு போய்விடும். இதில் எந்தப் பயம் பெரியது என்று யோசித்ததிலேயே ஒன்பது நாள் ஓடிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

எனக்கு நாலு பாடம். புள்ளியியலில் நாலு, பொருளாதாரத்தில் ஐந்து, பேச்சுப் பயிற்சியில் பத்து, நூலகப் பயிற்சியில் ஒன்பது. கூட்டி நாலால் வகுத்தால் ஏழு! ஆனால் பாழாய்ப்போன பல்கலைக்கழகம் அப்படி வகுக்காது. பெரிய பாடத்துக்குத் தலா நாலு கிரெடிட், பயிற்சிக்குத் தலா ஒன்று. வாங்கிய புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட் பத்தால் வகுப்பார்கள். என் ஏழு அங்கேதான் ஐந்தரையாக இளைத்துப்போனது.

கிரெடிட்டும் சராசரியும் தாளின் வலது ஓரத்தில் இருந்தன. கத்தரிக்கோலை எடுத்தேன். அச்சகக்காரன் கை அல்லவா? வெட்டு நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

குளித்துவிட்டு வந்தாள். பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவளுக்கு. இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஆறு வெள்ளை இருப்பதைக் கண்டுபிடிக்கும் கண்.

"என்னங்க, ரிசல்ட்டா?"

"ஏழு" என்றேன். குரல் எலிக்குஞ்சுடையது.

"பரவாயில்லையே! தாள் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு?"

"பல்கலைக்கழகத்துல சிக்கனம்."

"ஓகோ. எல்லாப் பாடமும் ஒரே அளவுதானா?"

"எ… எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தார். நாலு லிட்டர் கறுப்புல ஒரு லிட்டர் வெள்ளையை ஊத்திட்டு, பாதிப் பாதி சாம்பல் நிறம் வரலையேன்னு சண்டை. ரெண்டும் ஒவ்வொரு டப்பாதானேங்கறார்! டப்பாவை எண்ணக் கூடாது சார், லிட்டரை எண்ணணும்னு சொல்லி அனுப்பினேன்."

சுவர்க் கடிகாரம் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டது.

"உங்க புள்ளியியல் எத்தனை லிட்டர்?"

"நாலு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பேச்சுப் பயிற்சி?"

"ஒண்ணு."

அப்புறம் என்ன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஐந்தரை, ஒன்பது நாள், ஐந்து மணி, கத்தரிக்கோல்! "பேரை அடிச்சிடுவாங்க. எனக்கு இந்தப் படிப்பு வேணும்மா" என்றேன்.

அவள் பதறவில்லை. பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மறுதேர்வு விண்ணப்பம். முழுக்க அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. புள்ளியியலுக்கும் பொருளாதாரத்துக்கும் டிக். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. மேலே இருந்த தேதி, ஒன்பது நாளுக்கு முந்தையது.

"உனக்கு… எப்படி?"

"சேரும்போது யார் ஃபோன் நம்பரைக் குடுத்தீங்க?"

என் நம்பர் அடிக்கடி மாறுகிறதே என்று அவள் நம்பரைக் கொடுத்த மகாபுத்திசாலி நான்தான்.

"ஐந்தரைன்னு எனக்குத்தான் முதல்ல மெசேஜ் வந்தது. நீங்களா சொல்வீங்களான்னு ஒன்பது நாளா உங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். போடுங்க கையெழுத்து. கடைக்குப் போற வழியில குடுத்துடறேன்."

போட்டேன். பேனாவை என் விரலிலிருந்து உருவி, விண்ணப்பத்தில் மூன்றாவதாக ஒரு டிக் அடித்தாள்.

"ஐயோ, அது பேச்சுப் பயிற்சி! அதுலதான் பத்து வாங்கியிருக்கேனே!"

"ஒன்பது நாளா வாயே திறக்காத ஆளுக்குப் பத்தா? அதையும் மறுபடி எழுதுங்க."